அடுப்பெரியாத வெள்ளிக்கிழமை

தடதடவென்று கட்டை மணி அதிர்ந்தது. கோயில் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றின.

பெரிய வியாழன் மாலையே கோயில் மணிகளின் நாக்கைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். சனிக்கிழமை இரவு, ஆண்டவர் உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா பூசை வரைக்கும் வெண்கலம் வாய் திறக்காது. அதுவரை எல்லாவற்றுக்கும் கட்டை மணிதான். ஒரு தடித்த பலகை, அதில் இரண்டு இரும்பு வளையம், அதைத் தூக்கி ஆட்டக் கோயில்பிள்ளை நேலே. செபத்துக்குக் கூப்பிட என்றால் மெதுவாக ஆட்டுவான். பவனிக்கு என்றால் விட்டு விட்டு ஆட்டுவான். இப்படி மூச்சு விடாமல், மிரண்ட கழுதை கல் பாவிய தெருவில் ஓடுகிற மாதிரி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்.

சந்தில் ஜன்னல்கள் திறந்தன.

"யாரு, யாரு?"

"வேற யாரு? ஒராசியோதான். ஒரு மாசமா இழுத்துக்கிட்டுக் கிடந்தாரே."

"ஆண்டவர் போன நாள்லயே போயிட்டார். குடுத்து வச்ச மனுஷன்."

"குடுத்து வச்சவர் மட்டுமா, நல்லவரும் கூட," என்றாள் எதிர் மாடியில் இருக்கும் வெனெரா. "துக்க வீட்டுக்கு சூப் வைக்க நாம கோழி அடிக்க வேண்டாத நாளாப் பார்த்துப் போயிருக்காரே!"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். உடனே எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மூடிய மரக் கதவின் இடுக்கு வழியாக இது அத்தனையும் ஒராசியோவின் மனைவி நின்ஃபாவின் காதில் விழுந்தது. அவளுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"யாருடி செத்தது?" என்றார் ஒராசியோ.

நின்ஃபா திரும்பாமலே சொன்னாள். "நீங்கதான்."

ஒராசியோ உத்தரத்தைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. நின்ஃபா ஓடிப் போய் முதுகில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். மனிதர் தக்கை போலக் கனமே இல்லாமல் வந்தார். தார்க்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் உளி பிடித்த உடம்பு. இப்போது சட்டைக்குள் எலும்புகள் மட்டும் இருந்தன.

"நேலேகிட்டப் போய் நான் செத்துட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு? இந்தப் பொய்க்கு நரகம்தான்டி உனக்கு."

"போறேன். அங்க எனக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணாவது இருக்கும்ல."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வருவாங்களா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் ஒரு மாசமாக அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. சாமியார் வந்து, சாகப்போகிறவருக்கான எண்ணெயால் அவஸ்தை பூசிவிட்டுப் போய்விட்டார். மருத்துவர் கையை விரித்துவிட்டார். நேற்றிலிருந்து தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆனாலும் உயிர் போகாமல் நின்றது. இஞ்ஞாசியாவைப் பார்க்க வேண்டும், அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்பார். என்னிடம் சொல்லுங்கள், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றால் முடியாது என்று தலையை ஆட்டுவார். பேச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்தாயிற்று. இன்றைக்கு விட்டால் நாளைக்கு இல்லை என்பது நின்ஃபாவுக்குத் தெரிந்திருந்தது.

இஞ்ஞாசியா தூரத்தில் இல்லை. சந்துக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி இருந்தது அவள் வீடு. அவள் மகன் பஸ்தியானோவை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தியவர் ஒராசியோ. ஞானத்தகப்பன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில், பெண்ணைக் கொமாரே என்றும் ஆணைக் கொம்பாரே என்றும் கூப்பிடும் உறவு. கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சண்டை போடலாம், கொமாரேயிடம் கூடாது என்று இருந்த ஊர் அது.

பையனுக்கு மீசை அரும்பியதும் ஒராசியோதான் அவனைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு நாள் உள்ளே கூரை இறங்கியது. ஒராசியோ வெளியே வந்தார். பஸ்தியானோவை மறுநாள் தோண்டி எடுத்தார்கள். "தலையில கல்லு விழுந்துச்சு, ஒரு நொடி, வலியே தெரிஞ்சிருக்காது," என்று ஒராசியோ எல்லோரிடமும் சொன்னார்.

அடக்கம் முடிந்து கோயில் படியில் இறங்கும்போது, ஊரே நிற்க, இஞ்ஞாசியா ஒராசியோவைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே உங்க வாசப்படியை நான் மிதிக்கிறதா இருந்தா, உள்ள உங்க பொணம் கிடக்கணும்."

அதோடு பேச்சு நின்றது. எதிரெதிர் வீடு. ஒரே கிணறு. வருஷக்கணக்காக இரண்டு பெண்களும் ஒருத்தி நீர் இறைத்துப் போன பிறகுதான் இன்னொருத்தி போவது என்று ஆனது.

இந்த மாதத்தில் நின்ஃபா மூன்று முறை அந்தக் கதவைத் தட்டினாள். மூன்று முறையும் அது திறக்கவில்லை. கடைசியில்தான் இந்த யோசனை வந்தது. பிணம் கிடந்தால்தான் வருவாள் என்றால், பிணம் கிடக்கட்டும்.

இதில் ஊர் வழக்கம் ஒன்று அவளுக்குத் துணை நின்றது. சாவு விழுந்த வீட்டுக்குள் முதலில் கால் வைக்க வேண்டியவள் கொமாரே. அவள் கையால் முதல் கோப்பையை வீட்டுக்காரிக்குக் கொடுத்து அவள் குடித்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே நுழையலாம். அதுவரை சொந்தத் தம்பியானாலும் தெருவில்தான் நிற்க வேண்டும். மற்ற நாட்களில் என்றால் அந்தக் கோப்பையில் சூடான பாலில் கரைத்த சாக்லேட் இருக்கும். பெரிய வெள்ளியில் அது முடியாது. வியாழன் மாலை மணிகளைக் கட்டும்போதே ஊரில் அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு கோயில் முற்றத்தில் மந்திரிக்கும் புது நெருப்பைக் கொண்டுவந்துதான் திரும்ப மூட்ட வேண்டும். பாஸ்காவுக்கு முந்தைய தபசு காலத்தில் ஆட்டுப் பாலும் விலக்கு. அதனால் அன்றைக்கு ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் ஒரே பானம்தான். பச்சைப் பாதாமை ஊறவைத்து இடித்துப் பிழிந்த பாலில், கரோப் காய் ஊறிய தண்ணீரைக் கலந்தது. நிறம் சாக்லேட். குளிர்ச்சியாக, நெருப்பே படாமல் இருக்கும்.

வியாழன் மாலை எல்லா வீட்டிலும் பாதாம் ஊறும். இஞ்ஞாசியா வீட்டிலும் ஊறியிருக்கும். அதை நம்பித்தான் நின்ஃபா இறங்கினாள்.

இப்போது இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

எதிர் முற்றத்தில், எலுமிச்சை மரத்தடியில், இஞ்ஞாசியா நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைப்பம். கட்டை மணிச் சத்தத்தில் பாதி பெருக்கியபடி நின்றவள், அப்படியே நின்றாள். நேலே அடித்து ஓய்ந்தான். அப்போதும் அவள் அசையவில்லை. பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன பண்றாங்க?" என்றார் ஒராசியோ.

"உட்கார்ந்திருக்கா."

"அழறாங்களா?"

"யாருக்குத் தெரியும். சந்தோஷமாக்கூட இருக்கலாம்."

"சந்தோஷப்படட்டும். அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

சந்தில் கறுப்புச் சால்வைகள் சேர ஆரம்பித்தன. ஜெபமாலைகள் வெளியே வந்தன. எல்லோருடைய பார்வையும் இஞ்ஞாசியாவின் கதவுமேல் இருந்தது. அவள் வந்தால் உள்ளே போகலாம். அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அப்படி நடந்ததே இல்லை.

"வரமாட்டா," என்றாள் வெனெரா கீழே இறங்கி வந்து. "அவ நெஞ்சு என்ன நெஞ்சு, அம்மிக்கல்லு."

"வாயை மூடு. அவ காதுல விழப்போவுது."

"விழட்டுமே. விழுந்தாவது எந்திரிச்சு வரட்டும். எனக்குக் கால் கடுக்குது."

இஞ்ஞாசியா எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.  அவ்வளவுதான், முடிந்தது என்று நின்ஃபா நினைத்தாள். இனி அந்தக் கதவு திறக்காது. மத்தியானம் சாமியார் வருவார். கட்டிலில் கிடக்கிறவருக்கு மூச்சு இருப்பதைப் பார்ப்பார். ஊர் சிரிக்கும். நேலேயின் வேலை போகும். அதெல்லாம்கூடப் போகட்டும். இவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்ச் சேருவார்.

கதவு திறந்தது.

இஞ்ஞாசியா இரண்டு கையாலும் ஒரு மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்க் கல்லுரலை உருட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் பேச்சு நின்றது.

சட்டிக்குள் கை விட்டு ஊறிய பாதாமை எடுத்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து. தோல் கையில் நின்றது. வெள்ளைப் பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழுந்தது. கண் பார்க்காமலே கை செய்தது. கூட ஒரு பிடி ஹேசல் கொட்டையைப் போட்டாள். ஒரே ஒரு கசப்புப் பாதாமும் போட்டாள், வாசனைக்கு. உரலில் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தாள். அந்தச் சத்தம் மந்தமாக, ஈரமாக, ஒரே சீராகக் கேட்டது. கூட்டத்தில் ஒருத்தி அந்தச் சத்தத்துக்கு ஏற்ப ஜெபமாலையைத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

விழுது வெண்ணெயாகத் திரண்டதும் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். சுத்தமான துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தாள். விரலிடுக்கில் பால் வழிந்தது. அடுத்து கரோப். போன ஆகஸ்டில் மரத்திலிருந்து மூங்கிலால் அடித்து இறக்கி, கூரையில் காயவைத்த காய்கள். புளியம்பழம் போல நீண்டு, கறுத்து, கொட்டை எடுத்து உடைத்தவை. அவை ஊறிய தண்ணீர் கெட்டியான பழுப்பில் இருந்தது. அதைக் கையால் நன்றாகக் கசக்கி வடிகட்டி வெள்ளைப் பாலில் மெதுவாக விட்டாள். பாலின் நடுவில் ஒரு கரிய சுழி விழுந்தது. கரண்டியால் ஒரு சுற்று, இரண்டு சுற்று. எல்லாம் ஒரே நிறமாயிற்று. கொஞ்சம் பட்டைத்தூள். ஆரஞ்சுத் தோலை மேலே துருவிவிட்டாள்.

கூஜாவில் ஊற்றி, அதன் மேல் கறுப்புத் துணி போட்டாள். தலைக்கு மேல் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"வர்றா," என்றாள் நின்ஃபா. 

கூட்டம் பிரிந்து வழி விட்டது. பத்தடிதான். அந்தப் பத்தடியை நடக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு முழு அருள்நிறை மந்திரம் முடிந்தது. வாசற்படிக்கு வந்ததும் நின்றாள். படியைக் குனிந்து பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து வைத்தாள்.

நின்ஃபா கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, அவள் உள்ளே வந்ததும் சாத்தித் தாழிட்டாள்.

உள்ளே இருட்டு. சாவு வீட்டு வழக்கப்படி முகக்கண்ணாடி மேல் துணி தொங்கியது. வெளிச்சத்திலிருந்து வந்தவள் கண்ணைச் சுருக்கிக் கட்டிலைத் தேடினாள். கூஜாவை மேஜைமேல் வைத்துவிட்டு, கட்டிலருகே போய், சிலுவை போடக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"வாங்க, கொமாரே," என்றது கட்டில். "மன்னிச்சிருங்க. இன்னும் சாகல."

இஞ்ஞாசியாவின் கை நெற்றியிலேயே நின்றது. கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி நின்ஃபாவைப் பார்த்தாள்.

"கட்டை மணி?"

"நான்தான். நேலேகிட்டப் பொய் சொன்னேன். அவனுக்குத் தெரியாது."

"இந்த வீட்ல அன்னைக்கும் பொய்," என்றாள் இஞ்ஞாசியா. "இன்னைக்கும் பொய்." கதவை நோக்கி நடந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

வெளியே வெனெராவின் குரல் கேட்டது. "என்னடி இது, உள்ள ஒப்பாரியே காணோம்?"

"நின்ஃபா எப்பவுமே அழுத்தக்காரி. கல்யாணத்துல சிரிச்சாளா, சாவுல அழ?"

தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது. நின்ஃபா காலில் விழவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. "திற," என்றாள். "ஊரே பார்க்கட்டும். எம் மானம் போகட்டும். ஆனா அவர் சொல்றதைக் கேட்டுட்டுத் திற. எங்கிட்டக்கூட அவர் அதைச் சொன்னதில்ல."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

"பஸ்தியானோ தலையில கல்லு விழல, கொமாரே."

தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே நின்றது.

"ரெண்டு பேருக்கு ஒரு விளக்குதான் குடுப்பாங்க. அது எங்கிட்ட இருந்துச்சு. கூரை முனக ஆரம்பிச்சதும் இளையவனை முன்னால விட்டு மூத்தவன் பின்னால வரணும். அதான் முறை. எனக்குத் தெரியும். அவனுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்." மூச்சு வாங்கியது. "நான் ஓடினேன். விளக்கோட ஓடிட்டேன். பின்னால இருட்டுல அவன் கூப்பிட்டான். 'ஞானத்தகப்பா, விளக்கைக் காட்டுங்க'ன்னான். பயந்து கத்தல. சாதாரணமாத்தான் கேட்டான். நான் நின்னு காட்டுவேன்னு நினைச்சிருக்கான்."

நின்ஃபா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். வருஷக்கணக்காகத் தூக்கத்தில் இவர் "விளக்கு, விளக்கு" என்று முனகுவார். எழுந்து போய் அகல் விளக்கை ஏற்றி வைப்பாள். அணைக்கச் சொல்லித் திட்டுவார். இவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

"எத்தனை தரம் கூப்பிட்டான்?" இஞ்ஞாசியா கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரெண்டு தரம் கேட்டுச்சு. அப்புறம் நான் வெளியில வந்துட்டேன். அப்புறமாத்தான் இறங்குச்சு. நான் நின்னிருந்தா ரெண்டு பேரும் வந்திருக்கலாம். இல்ல ரெண்டு பேரும் போயிருக்கலாம். தெரியல. ஆனா நிக்கல."

வெளியே ஜெபமாலை அதன் கடைசிப் பகுதியான ஐந்தாவது துக்கத்துக்கு வந்திருந்தது. இஞ்ஞாசியா தாழ்ப்பாளை விட்டாள். கட்டிலுக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அவனைக் குளிப்பாட்டினது நான்," என்றாள். "தலையில காயம் இல்ல. நகமெல்லாம் தேஞ்சிருந்துச்சு. பத்து விரல்லயும். சுவரைத் தடவித் தடவி வந்திருக்கான். ஒரு நொடியில செத்தவனுக்கு விரல் ஏன் அப்படி இருக்கும், கொம்பாரே?"

ஒராசியோ கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"நீங்க தப்பிச்சு வந்துட்டீங்கன்னு நான் கோபப்படல. யாராயிருந்தாலும் ஓடுவாங்க. நானும் ஓடியிருப்பேன். வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கணும். பெத்தவகிட்டச் சொல்லியிருக்கணும். கல்லு விழுந்துச்சு, வலியே இல்லைன்னு ஊருக்கு முன்னால எனக்கு ஆறுதல் சொன்னீங்க பாருங்க. அந்த விரலைப் பார்த்துட்டு வந்தவகிட்ட."

"ஆமா," என்றார் ஒராசியோ. "ஆமா, கொமாரே."

 அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தில் இடைவெளி விழ ஆரம்பித்ததை நின்ஃபா கவனித்தாள். இதுவரை பிடித்துக்கொண்டிருந்ததை மனிதர் விட்டுவிட்டார்.

இஞ்ஞாசியாவும் அதைப் பார்த்தாள். எழுந்து மேஜைக்குப் போனாள். கூஜாவின் மேலிருந்த கறுப்புத் துணியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். ஒரு கோப்பையில் கால்வாசி ஊற்றினாள். நின்ஃபாவைப் பார்த்து, "கரண்டி," என்றாள்.

நின்ஃபா கரண்டி கொடுத்தாள்.

"அவருக்கு எதுவும் இறங்காது, கொமாரே. தண்ணிகூட..."

"வாயைத் திறங்க," என்றாள் இஞ்ஞாசியா, கட்டிலைப் பார்த்து.

அவர் திறந்தார். கரண்டி நுனியில் சில துளிகள். உதட்டில் பழுப்பாக நின்று, பிறகு உள்ளே போயிற்று. தொண்டை அசைந்தது. இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது. அறையில் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் மணத்தன.

"எனக்கு வச்ச துக்கப் பாலை நானே குடிக்கிறேன்," என்றார் ஒராசியோ. சிரிக்க முயன்றார். "நல்லாருக்கு. கொஞ்சம் கசக்குது."

"ஒரு கசப்புப் பாதாம் போடாம வாசனை வராது. இத்தனை வருஷம் குடிச்சவருக்குத் தெரியாதா? பேசாமக் குடிங்க."

மூன்றாவது கரண்டி பாதி வெளியே வழிந்தது. இஞ்ஞாசியா சால்வை நுனியால் துடைத்துவிட்டாள். தாடையில், கழுத்து மடிப்பில், ஒரு குழந்தைக்குத் துடைப்பது போல அழுத்தித் துடைத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கை போர்வைமேல் எதையோ தேடியது. இஞ்ஞாசியா ஜன்னல் பக்கம் போய் மரக்கதவை ஒரு விரற்கடை திறந்தாள். வெளிச்சம் கோடாக வந்து அவர் முகத்தில் விழுந்தது.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

தலை அசைந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு பார்ப்பது நின்றது.

நின்ஃபா போய்க் கண்ணை மூடிவிட்டாள். தாடையைக் கட்டினாள். கைகளைச் சேர்த்து அதில் பாடுபட்ட சுரூபம் உள்ள சிலுவையை வைத்தாள். எல்லாம் கை செய்தது. செய்து முடித்ததும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம் என்றே அவளுக்கு முதலில் தெரியவில்லை.

வெளியே பெண்கள் அதைக் கேட்டார்கள். "அப்பாடா, அழுதுட்டா," என்றாள் ஒருத்தி. வெனெரா மூக்கை உறிஞ்சினாள். "பாவம்டி," என்றாள். அப்புறம் அவளே ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். தெரு முழுக்க அது பரவியது.

இனி இன்னொரு தரம் கட்டை மணி அடிக்க வேண்டியதில்லை. ஊர் அறிந்த சாவு இப்போது நடந்தேறிவிட்டது. யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. இதையே நின்ஃபா திரும்பத் திரும்ப நினைத்தாள். சாகாத மனிதனுக்குச் சாவு மணி அடித்தாயிற்று. அடித்தது பலித்துவிட்டது. தான் கூப்பிட்டதால்தான் சாவு வந்ததோ?

இஞ்ஞாசியா வேறொரு கோப்பையை எடுத்து, ஒரு தரம் துடைத்து, நிறைய ஊற்றினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்ஃபாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வழக்கப்படி நீட்டினாள்.

"குடி. நீ குடிச்சாத்தான் அவங்க உள்ள வரலாம். வாசல்ல எல்லாரும் நிக்கிறாங்க."

நின்ஃபா கோப்பையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"இதை எப்படி நான் குடிப்பேன்? உன்னை ஏமாத்தி வரவழைச்சேன். பொய்க்கு வந்த பால் இது. நான் கட்டை மணி அடிக்க வைக்காம இருந்திருந்தா நீ இதைச் செஞ்சிருப்பியா? இந்தப் படி ஏறியிருப்பியா?"

இஞ்ஞாசியா கோப்பையை அவள் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள்.

"ஒத்தைப் பொம்பளை எனக்கு ஒரு பிடி பாதாம் போதாதா, கொமாரே? நேத்து சாயங்காலமே ஒரு கூஜா பாலுக்கு ஆகுற மாதிரி சட்டி நிறைய ஊறப் போட்டேனே, அது யாருக்குன்னு நினைச்சே?"